இம்மக்கள் விட்டோம்

1

இதை எழுதிவைக்க வேண்டிய தேவை ஒரு பாராட்டினால் நேர்ந்தது. கள்ளக்குறிச்சியில் அண்மையில் நடந்த ஒரு கூட்டத்தில், மலைவாழ் பெண் ஒருவர் தமிழில் எழுதிய சமூகவியல் ஆய்வேட்டுக்காக நான் நார்வேயில் இருந்தபடியே போராடி வென்றேன் என்று ஒருவர் பேசியிருக்கிறார். கூட்டத்தினர் கைதட்டினராம். நண்பர் ஒருவர் மகிழ்ந்து தொலைபேசியில் தெரிவித்தார்.

நான் போராடவில்லை. போராட முனைந்தேன், வேண்டா என்று தடுக்கப்பட்டேன், தடுத்தவர் சொன்னதே சரி. இல்லாத புகழ் ஊரில் வேர்விட்டுவிட்டால் பின்னர் அதைப் பெயர்த்தெடுப்பது அரிது. அன்றியும், அப்புகழுக்குள் அந்தப் பெண்ணின் அறிவு மறைந்துபோகிறது. ஆகவே நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன்.

என்னை அறியாதவர்க்காகச் சில சொற்கள். கல்வராயன் மலைக்குக் கிழக்கே, சமவெளியில் உள்ள எலவனாசூர்கோட்டையில் பிறந்தவன். பெர்கன் நகரின் பல்கலைக்கழகம் ஒன்றில் நெடுங்காலம் சமூகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். இந்நகரில் மழை பெய்வது செய்தியன்று, பெய்யாதிருப்பதே செய்தி. காலையில் மழையங்கி மாட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போவதும், ஓய்வு பெற்றோர்க்கென ஒதுக்கிய அறையில் அமர்ந்து பழைய தாள்களைப் புரட்டுவதும், மாலையில் அதே மழையில் திரும்புவதுமாக என் நாள்கள் கழிகின்றன. இங்கு எல்லாரையும் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். அகவையில் என் பேரனை ஒத்த மாணவன் என் பெயரை அரைகுறையாகச் சொல்லி அழைக்கிறான். அவன்மீது குற்றமில்லை. எனக்குத்தான் இன்னும் பழகவில்லை.

எங்கள் துறையில் இப்போது ஒரு புதிய ஆர்வம் எழுந்திருக்கிறது. சமூக அறிவியல்களைக் குடியேற்ற ஆட்சியின் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்கிறார்கள். அதற்கென ஒரு கருத்தரங்கு கூட்டினார்கள். இளம் பேராசிரியர் ஒருவர் என் அறைக்கு வந்து, “உங்கள் மலையிலிருந்து எங்களுக்கு ஒரு கருத்தாக்கம் தாருங்கள். மொழிபெயர்க்க முடியாததாக இருந்தால் நல்லது” என்று கேட்டார். ஊருக்குப் போய்வருகிறவரிடம் ஏலக்காய் வாங்கிவரச் சொல்வதுபோல் இருந்தது. நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். பார்க்கிறேன் என்றேன். ஊரில் ஒருவருக்கு இல்லை என்று சொல்ல வேண்டியபோதும் அப்படித்தானே சொல்வோம்.

2

மலை என்று அவர் சொன்னதும் என் நினைவுக்கு வந்தது கருத்தாக்கம் அன்று. கல்லூரித் தோழர் சடையனின் முகம்.

நான் படித்த காலத்தில் பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கும். ஆசிரியர் அதைத் தமிழில் சொல்வார். களப்பணி என்பதற்குக் கரும்பலகையில் அவர் எழுதிய விளக்கம் இது: ஆய்வாளர் தமக்கு அயலான மக்களிடையே சென்று தங்கி, அவர்தம் வாழ்வை உற்றுநோக்குதல். நாங்கள் அதை நெட்டுருச் செய்தோம். பின்னர் ஒருநாள், வகுப்பு முழுவதும் களப்பணிக்காகக் கல்வராயன் மலைக்குப் போகப்போவதாக ஆசிரியர் அறிவித்தார். அப்போது எழுந்து நின்றவர் சடையன். கரியாலூருக்கு அப்பால் ஒரு சிற்றூர்க்காரர். எங்கள் வகுப்பில் மலையிலிருந்து வந்தவர் அவர் ஒருவரே.

“சார், நான் எங்கங்க போவறது?”

“ஏம்பா, எல்லாரும் போற எடத்துக்குத்தான்.”

“அது எங்க ஊருங்க சார். அயலான மக்கள்னு எழுதிப் போட்டீங்களே.”

வகுப்பு சிரித்தது. ஆசிரியரும் சிரித்துவிட்டு என்னைக் காட்டினார். “அப்ப இவன் வூட்டுக்குப் போ. எலவனாசூர்கோட்ட உனக்கு அயலுதான?”

அவர் விளையாட்டாகச் சொன்னதைச் சடையன் பணியாக எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார். மலையில் கேட்பதற்கென்று எங்களுக்குக் கொடுத்திருந்த அதே வினாக்களை என் தாயாரிடம் கேட்டார். பெண் கேட்கப் போகும்போது என்ன எடுத்துச் செல்வீர்கள்? நோய் வந்தால் முதலில் யாரிடம் போவீர்கள்? பேய் குறித்து உங்களிடையே என்ன நம்பிக்கை உண்டு? பங்காளிகளின் பூசலைத் தீர்த்துவைப்பவர் யார்?

அம்மா என்னை அடுப்படிக்கு அழைத்தார். குரலைத் தாழ்த்தும் வழக்கம் அவரிடம் இல்லை.

“ஏண்டா, இந்தப் புள்ள சோறு துன்ன வந்துச்சா, துப்பு கேக்க வந்துச்சா? பேயி இருக்குதான்னு கேக்குது. நம்மளப் பாத்தா இன்னா காட்டுல இருக்கறவங்களாட்டமா தெரியுது?”

வெளியே இருந்து சடையன் மறுமொழி சொன்னார். “அடுத்த வாரம் உங்க புள்ள இதேதாங்கம்மா எங்கம்மாகிட்ட வந்து கேக்கப் போவுது.”

அம்மா அடுப்படி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். பிறகு, “கேட்டா உங்கம்மா சொல்லுவாங்களா?” என்றார்.

“சோத்தப் போட்டுட்டுச் சொல்லுவாங்க.”

அம்மா சிரித்துவிட்டார். குழம்புச் சட்டியோடு வெளியே போனவர், கேட்டதற்கெல்லாம் விடை சொன்னார். கிணற்று முறைக்காக என் தந்தையாரும் சிற்றப்பாவும் பேச்சை நிறுத்திக்கொண்டது உட்பட எல்லாவற்றையும் சடையன் எழுதினார். நன்றாகவே எழுதியிருந்தார். ஆசிரியர் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். “இது சமூகவியல் இல்லப்பா, வம்பு. வேற எழுதிகினு வா.”

நாங்கள் மலையைப் பற்றி எழுதியது சமூகவியல். அவர் எங்களைப் பற்றி எழுதியது வம்பு. அப்போது இதை நான் இவ்வாறு நினைத்துப் பார்க்கவில்லை. சடையன் என் ஏட்டை வாங்கிப் போனார். நாங்கள் அவருடைய ஊரைப் பற்றி ‘இம்மக்கள் எளிமையானவர்கள், இம்மக்கள் தினையும் சாமையும் உண்பர்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து, அதே முறையில் தம் ஊரைப் பற்றி எழுதிக் கொடுத்துத் தேறினார். பிறகு அவர் எங்கே போனார் என்பது எனக்குத் தெரியாது.

3

சென்ற ஆண்டு நம் ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அஞ்சலை என்பவர் முனைவர் பட்டத்துக்கு அளித்த ஆய்வேட்டை மதிப்பிட இயலுமா என்று கேட்டிருந்தார்கள். நெறிமுறைப்படி வெளிநாட்டுத் தேர்வாளர் ஒருவரும் அதைப் படித்தாக வேண்டும். நாடு விடுதலை பெற்று இத்தனை காலம் ஆன பின்பும், நம் ஊர் மலையைப் பற்றி நம் ஊரார் எழுதியது அறிவுதானா என்பதற்குக் கடல் கடந்த ஒருவரின் கையொப்பம் வேண்டியிருக்கிறது. ஆய்வேடு தமிழில் இருந்ததால் அவ்வெளிநாட்டவருக்குத் தமிழும் தெரிந்திருக்க வேண்டும். தேடித்தேடி என்னைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இசைந்தேன். அலுவலகத்திலிருந்து எழுத்தர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்.

“சார், நீங்க ஃபாரின்தானே?”

“குடியுரிமை நார்வேயில். ஆம்.”

“இல்ல சார், பொறந்த ஊரு எலவனாசூர்கோட்டன்னு போட்டு அனுப்பியிருக்கீங்க. ஆடிட்ல கேப்பாங்க. எங்க சித்தி வூடே அங்கதான் சார் இருக்குது. ஃபாரின்னு சொன்னா யாரு நம்புவா?”

“என்ன செய்யலாம்?”

“அந்த எடத்த வெறுமனே வுட்டுடுங்க சார்.”

பிறந்த ஊரை வெற்றிடமாக விட்டு மீண்டும் அனுப்பினேன். இங்குள்ள அலுவலகங்களில் நிலைமை நேர்மாறு. எங்கே போனாலும் பிறந்த ஊரைக் கேட்பார்கள். கணினியில் அதற்குரிய கட்டத்தில் எங்கள் ஊரின் பெயர் அடங்காது. என் அடையாள அட்டை ஒன்றில் ஊர் பாதியில் நிற்கிறது. அங்கே வெற்றிடம், இங்கே பாதி. இதற்கெல்லாம் வருந்தும் அகவையை நான் கடந்துவிட்டேன் என்றுதான் எண்ணுகிறேன்.

4

அஞ்சலையின் ஆய்வேடு கல்வராயன் மலையில் சாமையும் கேழ்வரகும் குறைந்து மரவள்ளி பெருகிய பின், பெண்களின் உழைப்பு எவ்வாறு மாறியது என்பதைப் பற்றியது. அவர் அம்மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். முதல் இயலிலேயே ஒரு பகுதி என்னை நிறுத்தியது: ‘மரவள்ளி வந்த பிறகு நாங்கள் தானியம் குத்துவதை விட்டோம். காசு கொடுத்து அரிசி வாங்கினோம். அரிசிக்குக் கடைக்குப் போவது ஆணா பெண்ணா என்பதில்தான் எங்கள் வீடுகளில் முதல் சண்டை வந்தது.’

ஆய்வேடு முழுவதும் இப்படியே ‘நாங்கள்’ என்று எழுதப்பட்டிருந்தது. தமிழில் இச்சொல்லுக்குள்ள கூர்மை படிப்பவர் அறிந்ததே. ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே. ஆங்கிலத்திலும் இந்நாட்டு மொழியிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ‘நாங்கள்’ என்று எழுதியதன் வழியாக அஞ்சலை, இது எங்கள் வாழ்வு, நீங்கள் வெளியே இருந்து படிக்கிறீர்கள் என்று ஒவ்வொரு தொடரிலும் தேர்வாளருக்கு நினைவூட்டிக்கொண்டே இருந்தார். அயலான மக்களிடம் போவதே களப்பணி என்ற விளக்கம் அவருடைய இலக்கணத்தின் முன் நிற்கவில்லை.

‘நாங்கள்’ என்றும் ‘நாம்’ என்றும் எழுதும்போது என் மகளை நினைக்காதிருக்க முடியவில்லை. அவள் இங்கே பிறந்தவள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஈழத்து ஆசிரியர்களிடம் தமிழ் கற்றாள். சிறு அகவையில், “அப்பா, நாங்கள் எப்போது ஊருக்குப் போவோம்?” என்பாள். அதில் நான் உண்டா இல்லையா என்று கேட்பேன். “நாங்கள் என்றால் நீங்களும்தானே அப்பா!” என்று சிணுங்குவாள். அவளுக்குக் கற்பித்தோரின் பேச்சு வழக்கில் அது பிழையன்று என்பதைப் பின்னர்த்தான் அறிந்தேன்; அதற்குள் பலமுறை திருத்திவிட்டிருந்தேன். இப்போது அவளுக்கென ஒரு குடும்பம் உண்டு. இவ்வாண்டின் தொடக்கத்தில், “கோடையில் நாங்கள் இத்தாலிக்குப் போகிறோம் அப்பா” என்றாள். எந்த ‘நாங்கள்’ என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஆய்வேட்டை அப்படியே ஏற்கலாம் என்று எழுதி அனுப்பினேன். இன்னொரு தேர்வாளர் வேறு நகரைச் சேர்ந்த பேராசிரியர், தமிழர். அவரும் ஆய்வேட்டைப் பாராட்டியிருந்தார். ஆனால் ஒரு கட்டுப்பாடு வைத்தார்: ஆய்வு நடை படர்க்கையில் அமைய வேண்டும், ‘நாங்கள்’ என்று வரும் இடமெல்லாம் ‘இம்மக்கள்’ என்று மாற வேண்டும், இன்றேல் நடுநிலை கெடும்.

அவர் தீயவர் அல்லர். அவருக்கும் எனக்கும் அப்படித்தான் கற்பிக்கப்பட்டது. அந்நாளில் மலையில் கூடாரமிட்டுத் தங்கிய வெள்ளை அலுவலர் ஒருவர், திரும்பிப் போய்த் தம் மேலிடத்துக்கு எழுதும்போது வேறெப்படி எழுத முடியும்? அவர் போய்விட்டார். அவர் உட்கார்ந்திருந்த தொலைவு மட்டும் நம் கல்லூரிகளில் தங்கிவிட்டது. ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக நல்ல தமிழ்ச் சொல் ஆக்கிவிட்டால் பாதி விடுதலை கிடைத்துவிடும் என்று நெடுங்காலம் நம்பியவன் நான். ‘இம்மக்கள்’ தூய தமிழ்ச் சொல்தான். அதில் அயலெழுத்து ஒன்றுமில்லை. இருந்தும் அதைவிட அயலான சொல் ஒன்றை அப்பக்கங்களில் என்னால் காண இயலவில்லை.

அலுவலகம் என் கருத்தைக் கேட்டது. நான் அம்மாற்றத்துக்கு இசைந்தால் வாய்மொழித் தேர்வு நடக்கும். மறுத்தால் ஆய்வேடு மூன்றாம் தேர்வாளருக்குப் போகும். மறுப்புரை எழுத அமர்ந்தேன். பல ஆண்டுகளுக்குப் பின் நூலக அறையில் எனக்கு உழைப்பதற்கு ஒன்று கிடைத்தது. கருத்தரங்கு இளைஞருக்குக் கொடுக்க இதைவிட நல்ல கருத்தாக்கம் ஏது என்றும் தோன்றியது.

5

மறுப்புரை ஏறத்தாழ முடிந்த நிலையில் அஞ்சலை அழைத்தார்.

“வணக்கங்க ஐயா. நான் அஞ்சலை பேசறங்க. எங்க கைடு நம்பர் குடுத்தாருங்க. இப்பப் பேசலாமுங்களா?”

“பேசலாம் அம்மா. உங்கள் ஆய்வேட்டைப் பற்றி நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல்லையும் மாற்ற விடமாட்டேன்.”

“அதுக்குத்தாங்க பேசறேன். மாத்தலாம்னு எழுதிக் குடுத்துடுங்க ஐயா.”

நான் தவறாகக் கேட்டேனோ என்று ஐயுற்றேன். “அந்தச் சொல்தான் அதன் உயிர்” என்றேன்.

“உயிரு எங்கியும் போயிடாதுங்க. சங்கராபுரம் பக்கத்துல காலேஜில ஒரு எடம் இருக்குதுங்க. இண்டர்வியூவுக்குள்ள பட்டம் கையில இருக்கணும். மூணாவது ஆளுக்குப் போச்சுன்னா அவரு படிச்சு, எழுதி… அந்த எடம் போயிடுங்க. மறுபடி எப்ப வருமோ.”

“ஆனால் கொள்கை என்று ஒன்று…”

“ஐயா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க சண்ட போட்டு ஜெயிச்சா உங்களுக்குப் பேரு. நான் ஜெயிச்சுகினு போயி மரவள்ளிக் கொல்லையிலதான் நிக்கணும்.”

மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. எழுதிக்கொண்டிருந்த மறுப்புரையைக் கணினியில் மூடினேன். பிறகு, “மாற்றியெழுத வருத்தம் இல்லையா?” என்றேன்.

“இல்லாம இருக்குமா? ஆனா வேல கம்மிதாங்க. கம்ப்யூட்டர்ல ஒரே தட்டு, எல்லா ‘நாங்கள்’ளும் ‘இம்மக்கள்’ ஆயிட்டுது. நேத்தே மாத்திப் பாத்துட்டேன்.” சட்டென்று அவர் சிரித்தார். “நன்றியுரையிலயும் மாறிப்போச்சுங்க. ‘நாங்கள் இருவரும் விழித்திருந்து பிழை திருத்தினோம்’னு எங்க வூட்டுக்காரரையும் சேத்து எழுதியிருந்தேனா? அது ‘இம்மக்கள் இருவரும்’னு ஆயிட்டுது. அவரு படிச்சுட்டு வுழுந்து வுழுந்து சிரிச்சிகினு இருந்தாரு. காலையிலேர்ந்து ‘இம்மக்களுக்குக் காப்பி கெடைக்குமா’ன்றாரு.”

நானும் சிரித்தேன். அன்றே மாற்றத்துக்கு இசைந்து எழுதினேன். மறுப்புரை என் கணினியில் கிடக்கிறது. எவருக்கும் அனுப்பவில்லை. கருத்தரங்கு இளைஞர் மீண்டும் கேட்டபோது, கொடுக்க ஒன்றுமில்லை என்றேன். அவர் ஏமாற்றமடைந்தார்.

6

வாய்மொழித் தேர்வு பொதுமக்கள் முன்னிலையில் நடப்பது; வந்தவர் எவரும் வினா எழுப்பலாம். பெர்கனில் விடிந்தும் விடியாத வேளையில் நான் கணினி முன் அமர்ந்தேன். திரையில் அரங்கின் ஒரு பாதியும் சுழலும் மின்விசிறியும் தெரிந்தன. பின் வரிசைகளில் மலையிலிருந்து பேருந்தில் வந்த அஞ்சலையின் உறவினர் அமர்ந்திருந்தனர்.

அஞ்சலை பேசினார். எழுத்தில் ‘இம்மக்கள்’ என்று இருந்தாலும், வாயைத் திறந்தால் ‘நாங்க’ என்றுதான் வந்தது. எவரும் தடுக்கவில்லை. நெறிமுறை எழுத்துக்குத்தான் போலும்.

‘இம்மக்கள்’ என மாற்றச் சொன்ன தேர்வாளர் ஏட்டைப் புரட்டி ஓரிடத்தில் நிறுத்தினார். “‘மரவள்ளி வந்த பிறகு இம்மக்கள் தானியம் குத்துவதை விட்டோம்.’ என்னம்மா இது? இம்மக்கள்னு தொடங்கி விட்டோம்னு முடியுது?”

“சொல்லு மட்டும் மாறிச்சுங்க சார், வாலு மாறல. திருத்திடறங்க.”

“இன்னும் எத்தனை இடத்துல இருக்கு?”

“தேடிகினேதான் இருக்கறங்க சார். தேடத்தேட வருது.”

அரங்கில் சிரிப்பு எழுந்தது. அவர் திரையில் இருந்த என்னை நோக்கி, “ஐயா சொல்லட்டும்” என்றார். எழுவாயும் பயனிலையும் இயையவில்லை, திருத்தத்தான் வேண்டும் என்றேன். வேறென்ன சொல்வது? இலக்கணம் அதுதான். ஆனால் வாழ்நாளெல்லாம் பிழை திருத்திய எனக்கு, ஒரு பிழையைத் திருத்தச் சொல்வது அவ்வளவு கடினமாக இருந்ததில்லை.

இறுதியில், வந்திருப்போர் கேட்கலாம் என்று அறிவித்தார்கள். பின் வரிசையில் தோளில் துண்டணிந்த ஒருவர் எழுந்தார்.

“வணக்கங்க. நான் இந்தப் பொண்ணுக்குத் தாய்மாமன். எங்களப் பத்தி எழுதியிருக்குது, வா மாமான்னு கூட்டியாந்தாங்க. காலையிலேர்ந்து கேட்டுகினு இருக்கறேன். வாசிக்கறப்பல்லாம் இம்மக்கள் இம்மக்கள்னே வருது. யாரும்மா அவுங்க? எந்த ஊருக்காரங்க?”

“உக்காரு சித்தப்பா” என்று யாரோ அடக்கினார்கள்.

“கேக்கலாம்னாங்கல்ல? கேட்டேன். தெரியாமத்தான கேக்கறேன்?”

கேலியாகக் கேட்டாரா உண்மையாகவே கேட்டாரா என்பதை என்னால் திரை வழியே அறிய முடியவில்லை. தேர்வாளர் ஏட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அஞ்சலை மேசைக்கும் திரைக்கும் முதுகு காட்டி, பின் வரிசையை நோக்கித் திரும்பினார். ஒலிவாங்கி மேசையில் இருந்தது.

“நாமதான் மாமா” என்றார்.

“அத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?” என்று சொல்லிவிட்டு அவர் அமர்ந்தார்.

பட்டம் அன்றே பரிந்துரைக்கப்பட்டது. அஞ்சலைக்கு அந்த வேலையும் கிடைத்தது. களப்பணி பாடத்தை எப்படி நடத்துகிறீர்கள் என்று பின்னொருநாள் கேட்டேன். “புக்குல இருக்கற மாதிரிதாங்க ஐயா. பரிச்சையில அதத்தான கேக்கறாங்க” என்றார்.

நடந்தது இவ்வளவே. தொலைவில் இருந்து எழுதுவதால் ஊர்ப்பேச்சை எழுத்தில் கொணர்ந்ததில் பிழைகள் இருக்கலாம். உறவுமுறைகளை மாற்றிச் சொல்லியிருக்கலாம். அறிந்தவர்கள் திருத்தி எழுத வேண்டுகிறேன். குறிப்பாக, அன்று அவ்வரங்கில் இருந்தவர் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். தாய்மாமனுக்கு அஞ்சலை சொன்ன விடை ‘நாமதான்’ என்றே எனக்குக் கேட்டது. ஒலிவாங்கி எட்ட இருந்தது. அவர் திரும்பி நின்றிருந்தார். இங்கே மழையும் பெய்துகொண்டிருந்தது. அது ‘நாங்கதான்’ என்றும் இருந்திருக்கலாம். ‘நாம’ என்றால் அவர் தம் மாமனுக்கு விடை சொன்னார். ‘நாங்க’ என்றால் முதுகைக் காட்டிக்கொண்டு தேர்வாளர்களான எங்களுக்குச் சொன்னார். எது என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அவரிடமே கேட்டுவிடலாம்தான். இதுவரை கேட்கவில்லை.